புரதச் சிப்பில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால் என்ன எழுதலாம்?

திருகோணமலையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்: "கண்ணாடி விரியன் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொஸ்போலிப்பேஸ் ஏ2 எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது. அது மனித உடலில் எந்தெந்தப் புரதங்களோடு பிணைகிறது என்பதைப் புரத மைக்ரோஅரே மூலம் ஒரே நாளில் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். அது போதுமா? இங்கே இருந்துகொண்டே செய்ய முடியுமா?"

பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்பது கொழுப்பை வெட்டும் ஒரு நொதியம். புரத மைக்ரோஅரேயைத்தான் நான் சிப் என்கிறேன். அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிப்பில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால் "இந்த இரண்டு புரதங்களும் உடலில் சேர்கின்றன" என்று எழுதும் உரிமை நமக்கு வருகிறதா என்பது முதலாவது. பெரிய கருவிகள் இல்லாத ஊரில் இருக்கும் ஒருவர் இதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது இரண்டாவது. முதலாவதற்கு என் பதில் இல்லை. இரண்டாவதற்கு, நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகப் போகலாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். நான் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் வளர்ந்தவன். புரத ஆய்வுகூடங்களில் 11 வருடம் வேலை செய்தேன், அதில் 6 வருடம் இந்தச் சிப்புகளோடுதான். நஞ்சுப் புரதங்களில் கைவேலை செய்ததில்லை. அந்தப் பகுதியில் நான் சொல்வது வாசித்து அறிந்தது, சிப் பற்றிச் சொல்வது செய்து பட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சிப் என்பது நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் கண்ணாடித் தகடு அளவுதான். அதன் மேல் அல்டிஹைட்டோ, எபொக்சியோ, நிக்கலோ, நைட்ரோசெலுலோசோ பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சின் மேல் ஊசிகள் கொண்ட ஒரு இயந்திரம் ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனிப் புள்ளியாக வைக்கும். ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். பிறகு காலியாக இருக்கும் இடத்தையெல்லாம் அல்புமின் போன்ற ஒன்றால் மூடிவிட்டு, நாம் ஆராயும் புரதத்தில் ஒரு அடையாளத்தை ஒட்டி மேலே ஊற்றுகிறோம். ஒரு மணி நேரம் விட்டு, கழுவி, உலர்த்தி, லேசர் ஸ்கேனரில் வைத்துப் பார்க்கிறோம். எங்கே அடையாளம் தங்கியிருக்கிறதோ அந்தப் புள்ளி ஒளிரும்.

இந்த முறை எவ்வளவு வலிமையானது என்பதை 2000ஆம் ஆண்டில் ஹார்வர்டில் மக்பெத், ஷ்ரைபர் இருவரும் காட்டிய விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரே தகட்டில் 10,800 புள்ளிகள் வைத்தார்கள். 10,799 புள்ளிகளில் புரோட்டீன் ஜி என்ற ஒரே புரதம். மிச்சம் ஒரே ஒரு புள்ளியில் எப்.ஆர்.பி. என்ற வேறொன்று. அந்த ஒற்றைப் புள்ளியின் கூட்டாளியான எப்.கே.பி.பி.12 புரதத்தை ஊற்றியபோது அத்தனைக்கும் நடுவில் அந்த ஒன்று தனியாகத் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு புரதங்களும் ராபமைசின் என்ற சிறு மூலக்கூறு நடுவில் இருந்தால்தான் சேரும். அதை ஊற்றாமல் செய்திருந்தால், இரண்டும் கூட்டாளிகளே இல்லை என்று அதே தகடு சொல்லியிருக்கும். சிப் நாம் வைத்த சூழலில் நடப்பதைத்தான் சொல்லும். பின்னால் உங்கள் நஞ்சுப் புரதத்துக்கு வரும்போது இது திரும்ப வரும்.

அடுத்த வருடம், 2001இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்னைடரின் குழு மதுவத்தின் ஏறக்குறைய எல்லாப் புரதங்களையும், 5,800 அளவில், ஒரு சிப்பில் கொண்டுவந்தது. கல்மொடியூலின் என்ற புரதத்தை அதன் மேல் ஊற்றினார்கள். ஏற்கெனவே தெரிந்த கூட்டாளிகளில் 6 ஒளிர்ந்தன. புதிதாக 33 ஒளிர்ந்தன. தெரிந்த கூட்டாளிகளில் இன்னும் 6 ஒளிரவே இல்லை. அந்த ஆறில் 2 அவர்களுடைய சேகரிப்பிலேயே இருக்கவில்லை. மற்ற நான்கும் போதிய அளவில் தகட்டில் தெரியவில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது எல்லோரும் அந்த 33இல் நின்றுவிடுகிறார்கள். ஒளிராத ஆறையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன். உலகின் மிகச் சிறந்த கைகள் செய்த சோதனையிலேயே, தெரிந்த உண்மையில் பாதி கண்ணுக்குத் தப்பியது. ஆகவே ஒளிராத புள்ளியை வைத்து "பிணைவதில்லை" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் பாம்பையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் புடையன் என்று சொல்வோமே, அதுதான். தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயலில் இறங்குகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதன் நஞ்சில் இரத்த உறைதலின் பத்தாம் காரணியைத் தூண்டிவிடும் ஒரு நொதியம் இருக்கிறது. இது ஐயமே இல்லாத, வைத்தியசாலை ஆய்வுகூடச் சோதனைகளில்கூடப் பயன்படும் உண்மை. அந்த நொதியத்தை ஒரு மனிதப் புரதச் சிப்பின் மேல் ஊற்றினால் பத்தாம் காரணி ஒளிருமா? பெரும்பாலும் ஒளிராது என்றுதான் நினைக்கிறேன். காரணம், அந்த நொதியம் பத்தாம் காரணியை அடையாளம் காண்பது, ஈரலில் விற்றமின் கே உதவியோடு அதில் சேர்க்கப்படும் கூடுதல் காபொட்சில் கூட்டங்கள் உள்ள முனையை வைத்து. அதுவும் கல்சியம் இருந்தால்தான். பெரிய சிப்புகளின் புரதங்களை மதுவக் கலங்களில் செய்கிறார்கள். மதுவத்துக்கு அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியம் கிடையாது. பெயர் பத்தாம் காரணிதான், அமினோ அமில வரிசையும் அதுதான், ஆனால் நஞ்சு தேடிப் பிடிக்கும் கைப்பிடி அதில் இல்லை. அதோடு, நொதியம் தன் இலக்கைத் தொட்டு, வெட்டி, விட்டுவிட்டுப் போய்விடும். கழுவும்வரை பிடித்துக்கொண்டு நிற்காது. உறுதியான ஒரு உண்மையைக்கூடச் சிப் தவறவிட இத்தனை வழிகள் இருக்கின்றன.

கழுவுதலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எங்கள் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலைக்கண்ணின் அளவுதான் மடிக்குள் எது மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது, கடலில் என்ன இருந்தது என்பதல்ல. சிப்பில் அந்த வலைக்கண், கழுவும் நேரம். இரண்டு புரதங்கள் 1 நானோமோலார் பிரிகை மாறிலியோடு பிணைகின்றன என்று வைப்போம். இந்த மாறிலி சிறிதாக இருந்தால் பிணைப்பு பலமானது. சேரும் வேகம் சாதாரணமாக ஒரு மோலாருக்கு ஒரு செக்கனுக்கு 1,00,000 என்று எடுத்தால், சேர்ந்தவற்றில் பாதி பிரிய ஏறக்குறைய 1 மணி 55 நிமிடம் ஆகும். 5 நிமிடமாக மூன்று தடவை கழுவினாலும் 90 வீதத்துக்கு மேல் தங்கிவிடும். அதே சேரும் வேகத்தில் பிரிகை மாறிலி 1 மைக்ரோமோலார் என்றால் பாதி பிரிய 7 செக்கன் போதும். முதல் கழுவலிலேயே எல்லாம் போய்விடும். உடலில் முக்கியமான வேலை செய்யும் பல சேர்க்கைகள் இந்த இரண்டாவது வகைதான், குறிப்பாகக் கலத்துக்குள் செய்தி கடத்துபவை. புள்ளிக்குள் புரதங்கள் நெருக்கமாக இருப்பதால் பிரிந்தது பக்கத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்வதும் உண்டு. அதனால் பலவீனமான பிணைப்பும் சில நேரம் தங்கிவிடும். எனவே ஒளிர்வு கூடினால் பிணைப்பு பலமானது என்று ஒரே ஒரு செறிவில் செய்த சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பல செறிவுகளில் செய்து வளைகோடு வரைய வேண்டும். மக்பெத்தின் குழுவே 2006இல் வளர்ச்சிக் காரணி வாங்கிகளுக்கு அப்படித்தான் செய்தது. எட்டுச் செறிவுகளில் சிப்பை ஓட்டி, ஒவ்வொரு சோடிக்கும் பிரிகை மாறிலி கணித்தார்கள். சிப்பை வைத்து நிதானமாகச் செய்யப்பட்ட வேலைகளில் அது ஒன்று.

தவறவிடுவது ஒரு பக்கம். இல்லாததைக் காட்டுவது மறுபக்கம், எனக்கு அதிக வலி தந்தது அதுதான். நான் வேலை பழகிய ஓர் ஆய்வுகூடத்தில் என் முதல் சிப்பில் 47 புள்ளிகள் ஒளிர்ந்தன. சிப்பில் இருந்த புரதங்கள் எல்லாம் குளூட்டாதையோன் எஸ்-டிரான்ஸ்பரேஸ் என்ற ஒட்டோடு செய்யப்பட்டவை, தூய்மைப்படுத்த வசதிக்காக. நான் ஊற்றிய புரதத்திலும் அதே ஒட்டுத்தான் இருந்தது. அந்த ஒட்டு இரண்டிரண்டாகச் சேரும் இயல்புள்ளது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அந்த உற்சாகத்தில் யோசிக்கவில்லை. மூன்று மாதம் அந்தப் பட்டியலின் பின்னால் ஓடினோம். கடைசியில் ஒட்டை மட்டும் தனியாக ஊற்றிப் பார்த்தபோது அந்த 47இல் 38 ஒளிர்ந்தன. மிச்சம் ஒன்பதில் இரண்டுதான் வேறு முறைகளிலும் நின்றன. அந்த இரண்டும் நல்ல கண்டுபிடிப்புகள்தான். ஆனால் வெறும் ஒட்டுக்கான தகட்டை முதல் நாளே ஓட்டியிருந்தால் அந்த மூன்று மாதமும் எங்கள் கையில் இருந்திருக்கும்.

உங்கள் புரதத்தில் இந்த ஒட்டு இருக்காது, ஆனால் அதற்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. நஞ்சிலுள்ள பொஸ்போலிப்பேஸ்கள் பல நேர் மின்னேற்றம் மிகுந்தவை. எதிர் மின்னேற்றமுள்ள எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். அது பிணைப்பா, வெறும் மின் ஈர்ப்பா என்று எப்படிப் பிரிப்பது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமைத் துணைக்கு எடுப்பேன். அதன் எடை ஏறக்குறைய 14 கிலோடால்ற்றன், உங்கள் புரதமும் ஏறக்குறைய அதே. அதுவும் நேர் மின்னேற்றம் மிகுந்தது, அதிலும் கந்தகப் பாலங்கள் உண்டு. மலிவாகக் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே அடையாளத்தை ஒரே அளவில் ஒட்டி, இரண்டு தகடுகளில் ஓட்டுங்கள். லைசோசைமுக்கும் ஒளிர்ந்த புள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஓட்டும் சோதனைதான் கட்டுப்பாடு. ஒரு நல்ல கட்டுப்பாடு நூறு புள்ளிகளை அழிக்கும். அப்படி அழியும்போது வருத்தப்படாதீர்கள்.

அடையாளம் ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். அடையாளமாகப் பயோற்றின் என்ற விற்றமினை ஒட்டும் வழக்கமான இரசாயனம், புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிடிக்கும். நேர் மின்னேற்றமுள்ள புரதத்தில் பிணையும் முகத்திலேயே லைசின்கள் இருக்கலாம். அளவுக்கு மீறி ஒட்டினால் பிணையும் இடத்தையே மூடிவிடுவீர்கள். ஒரு மூலக்கூறுக்கு ஒன்று, இரண்டு பயோற்றின் என்ற அளவில் நிறுத்துங்கள். ஒட்டிய பிறகு நொதியச் செயற்பாடு குறையவில்லையா என்று பாருங்கள். செயற்பாடு இருந்தால் மடிப்பு கலையவில்லை என்று ஓரளவு நம்பலாம். அதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது. அப்புறம், காலி இடத்தை மூடப் பாற்பொடியைப் பயன்படுத்தாதீர்கள். பாலில் இயற்கையாகவே பயோற்றின் உண்டு, பயோற்றினைப் பிடித்துப் புள்ளியைத் தெரியவைக்கும் உங்கள் ஸ்ற்றெப்ரவிடினை அது குடித்துவிடும். பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலும் வேண்டாம், கல்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். ரிஸ் கரைசலில் கல்சியம் சேர்த்துச் செய்யுங்கள். டி.ரி.ரி. போன்ற ஒடுக்கிகள் கந்தகப் பாலங்களை உடைத்துவிடும், அவற்றையும் தவிருங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் புரதம் எவ்வளவு சுத்தம் என்று எனக்குத் தெரிய வேண்டும். பொஸ்போலிப்பேஸ் கொழுப்பைத்தான் வெட்டும், சிப்பிலுள்ள புரதங்களைத் தொடாது. ஆனால் அதே நஞ்சில் புரதத்தை வெட்டும் நொதியங்கள் தாராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒரு வீதம் கலந்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் தகட்டில் இருக்கும் புள்ளிகளை அரித்துவிடலாம். அவற்றில் உலோகம் தேவைப்படும் வகையை ஈ.டி.ரி.ஏ. சேர்த்து அடக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது உங்களுக்குத் தேவையான கல்சியத்தையும் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே மருந்து சேர்த்துச் சமாளிப்பதைவிட புரதங்களைப் பிரித்தெடுக்கும் நிரலில் இன்னொரு தடவை ஓட்டிச் சுத்தம் செய்வதே வழி.

இனி எண்கள். முழு மனிதப் புரதச் சிப்பில் ஏறக்குறைய இருபதாயிரம் புரதம் என்றதும் பெரிய வலை என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. உங்கள் புரதத்துக்கு உண்மையில் 20 கூட்டாளிகள் சிப்பில் இருக்கின்றன என்று தாராளமாக எடுப்போம். சிப் அதில் 70 வீதத்தைப் பிடிக்கும் என்றால் 14. கூட்டாளி அல்லாத புள்ளிகளில் ஆயிரத்தில் ஒன்று தவறாக ஒளிரும் என்றால், அது 20. ஆக 34 ஒளிரும், அதில் உண்மை 14. பத்தில் நாலு. உண்மைக் கூட்டாளிகள் ஐந்துதான் என்றால் மூன்றோ நாலோ உண்மை, 20 பொய். ஆயிரத்தில் ஒன்று என்பது நல்ல சிப்புக்குக்கூடக் கடினமான தரம் என்பதையும் நினைவில் வையுங்கள். சராசரியிலிருந்து மூன்று நியம விலகல் தள்ளி இருப்பதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. பரவல் மணி வடிவச் செவ்வன் பரவலாக இருந்தாலுமே அந்த எல்லையில் இருபதாயிரத்துக்கு 27 புள்ளிகள் தற்செயலாக மேலே வரும். சிப்பின் பரவல் அப்படி இருப்பதும் அரிது. எல்லையை எங்கே வைப்பது என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். பார்த்த பிறகு நகர்த்துவது மிக எளிது, நகர்த்தியதே தெரியாமல் நகர்த்துவோம்.

ஸ்கேனர் தரும் எண்ணை அப்படியே நம்பாமல் படத்தைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு புரதமும் சோடியாக வைக்கப்பட்டிருக்கும். சோடியில் ஒன்று மட்டும் ஒளிர்ந்தால் அது தூசியாக இருக்கலாம். வால்வெள்ளி போல் இழுபட்ட புள்ளி, நடுவில் ஓட்டையான புள்ளி, பக்கத்துப் புள்ளியின் வெளிச்சம் கசிந்த புள்ளி எல்லாம் எண்ணாக மாறும்போது நல்லவையாகத் தெரியும். ஒட்டுக்கு எதிரான பிறபொருளெதிரியால் ஒரு தகட்டைத் தனியாகச் சாயமிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதோடு ஒப்பிட்டுத்தான் ஒளிர்வைப் படிக்க வேண்டும். உங்கள் புரதத்தை ஊற்றாமல் ஸ்ற்றெப்ரவிடின் மட்டும் ஊற்றிய தகடும் வேண்டும். கலத்திலேயே பயோற்றின் சுமக்கும் சில நொதியங்கள் உண்டு, பைருவேற்று காபொட்சிலேஸ் போல. அவை எப்போதும் ஒளிரும்.

சரி, இத்தனையும் தாண்டி நின்ற புள்ளியைப் பற்றி என்ன சொல்லலாம்? "இந்தக் கரைசலில், இந்த வெப்பநிலையில், இப்படிச் செய்யப்பட்ட இந்தப் புரதத்தோடு எங்கள் புரதம் நேரடியாகப் பிணையக்கூடியது." இது உறுதி. நேரடியாக என்பதுதான் சிப்பின் பெரிய பலம். கலச் சாற்றில் இழுத்தெடுத்தால் நடுவில் மூன்றாவது ஒன்று இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. தூய புரதங்களை வைத்த சிப்பில் அந்தச் சந்தேகம் மிகக் குறைவு. "உடலில் இவை சந்திக்கின்றன" என்பது சிப் சொல்லாத விஷயம். "அந்தச் சேர்க்கையால்தான் கடிபட்டவருக்கு இந்த விளைவு வருகிறது" என்பது அதற்கும் இரண்டு படி தள்ளி. இலங்கையில் புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போவதோடு கண்ணிமை சரிவது போன்ற நரம்புப் பாதிப்பும் வருவதை வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். அதற்கான காரணத்தைச் சிப்பின் ஒரு புள்ளியில் கட்டிவிட மனம் ஆசைப்படும். ஆய்வேட்டில் அந்த ஒரு வசனம்தான் பரிசோதகர் உங்களை நிறுத்தும் இடமாக இருக்கும்.

நஞ்சு இரத்தத்திலும் கலங்களின் வெளிமுகத்திலும் வேலை செய்கிறது. சிப்பின் பெரும்பகுதி கலத்துக்குள் இருக்கும் புரதங்கள். அப்படியானால் உள்ளே இருக்கும் புரதங்கள் ஒளிர்ந்தால் குப்பையில் போட்டுவிடலாமா? அங்கேதான் எனக்கு உறுதி போய்விடுகிறது. ஐரோப்பாவின் கொம்பு மூக்கு விரியனின் நஞ்சில் உள்ள அமொடைற்றொக்சின் என்ற பொஸ்போலிப்பேஸ், கலத்துக்குள் இருக்கும் கல்மொடியூலினோடு பிணைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அது நரம்புக் கலத்துக்குள் நுழையக்கூடியது என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஆகவே உள்ளே இருப்பதைக் கண்ணை மூடி நீக்காதீர்கள், பட்டியலின் கீழே வையுங்கள். சவ்வுக்குள் புதைந்த வாங்கிகளின் நிலைமை வேறு. அவை சிப்பில் சரியாக மடிந்திருப்பது அரிது. அங்கே ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் நான் ஒன்றும் முடிவு செய்ய மாட்டேன்.

இப்போது இரண்டாவது கேள்வி, இங்கே இருந்து என்ன செய்வது. முழுப் புரதச் சிப்பை வாங்கி ஓட்டுவதற்கு ஸ்கேனர் வேண்டும், தகடுகளை ஆழ்குளிரில் வைக்க வேண்டும். ஒரு தகடு ஒரு தடவைக்குத்தான், கட்டுப்பாடுகளோடு சேர்த்தால் குறைந்தது நாலு தகடு. அதில் முதலில் இறங்க வேண்டாம். அதே தத்துவத்தை நைட்ரோசெலுலோஸ் சவ்வில், உங்கள் கையிலுள்ள மைக்ரோபிப்பெற்றால், 1 மைக்ரோலீற்றர் புள்ளிகளாகச் செய்யலாம். கண்ணாடிக்குப் பதில் சவ்வு, இயந்திர ஊசிக்குப் பதில் உங்கள் கை, லேசருக்குப் பதில் பெரொக்சிடேஸ் என்ற நொதியம் இணைத்த ஸ்ற்றெப்ரவிடினும், அதனால் நிறமாக மாறிச் சவ்விலேயே படியும் வகை ரி.எம்.பி.யும். நல்ல வெளிச்சத்தில் தொலைபேசிக் கமராவால் படம் எடுத்தாலே போதும். சோடியம் ஏசைட்டு சேர்த்த கரைசல்களை அந்தப் படியில் தொடாதீர்கள், பெரொக்சிடேஸை முடக்கிவிடும்.

எதை வைப்பது? இருபதாயிரத்தைத் தேடாமல் பத்துப் பன்னிரண்டு நல்ல கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள். மனித இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பத்தாம் காரணியும் அதன் செயற்படு வடிவமும் விற்பனையில் உண்டு. விரியன் இனப் பொஸ்போலிப்பேஸ்கள் சில அந்தச் செயற்படு வடிவத்தோடு பிணைந்து உறைதலைத் தடுப்பது ஏற்கெனவே காட்டப்பட்டது. ஈரலில் உருவான புரதம் என்பதால் மதுவத்தில் இல்லாத அந்தக் கைப்பிடியும் அதில் இருக்கும். அதோடு புரோத்ரொம்பின், பைபிரினோஜன், அல்புமின், கல்மொடியூலின். எதிர்க் கட்டுப்பாடாக வெறும் கரைசலும் லைசோசைமும். நிறம் வருகிறதா என்று அறியப் பயோற்றின் ஒட்டிய அல்புமின். ஒவ்வொன்றையும் 1,000, 300, 100, 30 நானோகிராம் என்று இறங்கு வரிசையில் வையுங்கள். ஒரு சவ்வை 2 மில்லிமோலார் கல்சியத்தோடு, அடுத்ததை கல்சியத்தைப் பிடுங்கும் ஈ.ஜி.ரி.ஏ. சேர்த்து. மூன்றாவதில் அடையாளம் ஒட்டாத உங்கள் புரதத்தை 50 மடங்கு கூடுதலாகச் சேர்த்துப் போட்டிக்கு விடுங்கள். நிறம் மங்கினால் அது அந்த இடத்துக்கான பிணைப்பு என்று நம்பலாம். நாலாவது, அடையாளம் ஒட்டிய லைசோசைமுக்கு. இந்த நாலு சவ்வும் ஒரு வாரத்தில் முடியும். கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டிய முழுச் சிப்பைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

ஊரின் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும் பிற்பகலில் 1 மைக்ரோலீற்றர் புள்ளி சவ்வில் வைத்த கையோடு காய்ந்துவிடும், ஓரம் கருத்து நடு வெளிறிய வளையமாக வரும். மார்கழி மழையில் அதே புள்ளி பரந்து பக்கத்துப் புள்ளியைத் தொடும். குளிரூட்டிய அறை இல்லையென்றால் காலையில், மூடிய பெட்டிக்குள் ஈரத் துணி வைத்துச் செய்யுங்கள். சவ்வுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். புரதத்தைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள், ஒரு பங்கை ஒரு தடவைக்கு மேல் உருக்க வேண்டாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் நாடு முழுவதும் உறைபெட்டிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பங்குகளில் பாதியை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

சவ்வில் ஒன்றோ இரண்டோ நின்றால், அப்போது முழுச் சிப்புக்கு ஒரு கூட்டாய்வாளரைத் தேடலாம். கையில் ஒரு உண்மையான நேர்க் கட்டுப்பாடு இருக்கும் மாணவியை எந்த ஆய்வுகூடமும் வேறு விதமாகப் பார்க்கும். சிப்பில் உங்கள் நேர்க் கட்டுப்பாடே ஒளிராவிட்டால் சூழலில் பிழை என்று உடனே தெரியும். நஞ்சுப் பொருளை வெளியே அனுப்பவும், மனித இரத்தப் புரதங்களோடு வேலை செய்யவும் முன் அனுமதிகள் தேவைப்படும், அதற்கு மாதங்கள் போகும். சவ்வு வேலை தொடங்கும் நாளிலேயே மேற்பார்வையாளரிடம் கேட்டு விண்ணப்பங்களைப் போட்டுவிடுங்கள். சிப்பில் கிடைப்பதை வேறொரு தத்துவத்தில் வேலை செய்யும் முறையால் சோதியுங்கள். தூய புரதங்களை வைத்து மேற்பரப்புப் பிளாஸ்மன் அதிர்வில் சேரும் வேகமும் பிரியும் வேகமும் அளக்கலாம். இரத்தத் திரவத்திலிருந்து உங்கள் புரதத்தை வைத்து இழுத்தெடுத்துத் திணிவு நிறமாலையில் பார்க்கலாம். இரண்டாவதுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன், ஏனென்றால் அங்கே ஆயிரம் புரதங்கள் போட்டிக்கு நிற்க உங்கள் புரதம் தானாகத் தேர்ந்தெடுக்கிறது.

முதலில், புரதங்களை எடைப்படி பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில் உங்கள் புரதத்தை ஓட்டி, அந்தப் படத்தை இந்தப் பதிலின் கீழே போடுங்கள். ஒடுக்கியோடு ஒரு ஓட்டம், ஒடுக்கி இல்லாமல் ஒரு ஓட்டம், இரண்டும் வேண்டும், வெள்ளிச் சாயமிட்டால் இன்னும் நல்லது. 14 கிலோடால்ற்றனுக்கு மேலே மெல்லிய கோடு ஏதாவது தெரிந்தால் பயோற்றினை வாங்க வேண்டாம், நிரலை மறுபடி ஓட்டுவதைப் பற்றிப் பேசுவோம்.